பீர்க்கங்கொடியில் ஒரு முடிச்சு

கோணி ஊசி ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். ஒரு சாண் நீளம், முனை கொஞ்சம் வளைந்தது, காதில் பச்சை நைலான் நூல். அரிசி மூட்டையின் வாயைத் தைக்கிற அதே ஊசிதான், நான் அதில் வலை தைக்கிறேன். வீட்டு மாடிகளில் இரும்புக் குழாயை வளைத்து நிறுத்தி, மேலே நிழல்வலையும் நாலு பக்கமும் பூச்சிவலையும் போர்த்தி, காய்கறி வளர்க்கக் கூடாரம் கட்டித் தருவது என் தொழில். படித்தவர்கள் அதைப் பசுமைக்குடில் என்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எனக்கு அது வலைக் கொட்டகை.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு வீட்டு மாடியில் வேலை முடிந்தது. அந்த வீட்டம்மா முன்பே தொட்டியில் பாகல் கொடி வைத்திருந்தார். பூவும் வந்திருந்தது. அதை உள்ளே விட்டுத்தான் கூடாரம் கட்டினேன். கிழக்கு மூலையில் ஒரு முழ அளவுக்கு வலையைத் தைக்காமல் விட்டு, வேண்டும்போது மூடிக்கொள்ள ஒரு கயிறு மட்டும் தொங்கவிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். "இன்னா தம்பி, இவ்ளோ பெரிய ஓட்டைய வுட்டுட்டுப் போறீங்க?"

"ஓட்டை இல்லம்மா, வாசப்படி."

"யாருக்கு?"

"தேனீக்கு."

அவர் சிரித்துவிட்டார். நான் எதைச் சொன்னாலும் ஆட்கள் அதை விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் நான் பல வருடம் பேசி வந்திருக்கிறேன். அதற்கு என்ன விலை என்பது எங்கள் அண்ணி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணி திண்டிவனத்துக்கு வந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது, இருபத்திரண்டு. அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அப்பாவும் அம்மாவும் மயிலம் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுத் தெருவிலேயே இருந்த வெல்டிங் பட்டறையில் வேலை செய்து, அங்கேயே படுத்துக்கொள்வேன். மூன்று வேளைச் சாப்பாடும் அண்ணி கையால். சாப்பாட்டுக்குப் பதிலாக நான் கொடுத்தது வாய். மீன் குழம்பில் ஒரு நாள் புளி தூக்கலாக இருந்தால் ஒரு வாரம் அதைச் சொல்லியே கண்ணைச் சுருக்கிக் காட்டுவேன். கதவைத் தட்டி, "அண்ணி, உங்க அப்பா பஸ் ஸ்டாண்டுல நிக்கறாரு, மாதா மேல சத்தியமா" என்பேன். மாவுக் கையைக்கூடக் கழுவாமல் தெருமுனை வரை ஓடிவிட்டுத் திரும்பி வருவார். கூடத்தில் மாதா படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்து, "இவன் வாய்ல உன் பேரு வந்தா காத மூடிக்கோ தாயே" என்பார். அப்புறம் அடுத்த வாரமும் ஓடுவார். அப்படி ஒரு மனசு.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் காலையில் எழுந்தால் அவர் முகம் உப்பியிருந்தது. "பேக்கரி பன்னு மாதிரி ஆயிட்டீங்க அண்ணி" என்றேன். அவரும் சிரித்தார். அந்த ஒரு பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் மற்ற எல்லாப் பேச்சையும் விட்டுக்கொடுத்துவிடுவேன். இரண்டு வாரம் கழித்து விழுப்புரத்தில் டாக்டர் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார். ஏதோ ஊருக்குப் போய்விட்டது போல அண்ணன் "எப்ப சார் சரியாவும்?" என்று கேட்டார். டாக்டர் பேனாவை மூடினார்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரம். அண்ணன் ரோட்டில் இருப்பதால் கூட்டிப்போவது நான். காலையில் பஸ் ஏறினால் மயிலம் கூட்டு ரோட்டில் வெள்ளரிப் பிஞ்சும் கொய்யாவும் ஜன்னலுக்கு வரும். அண்ணி முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்வார். விக்கிரவாண்டி தாண்டும்போது கையிலிருக்கிற பாட்டிலை எடுத்துப் பார்ப்பார். ஒரு நாளைக்குக் குடிக்க அனுமதித்த தண்ணீர் அந்த ஒரு பாட்டிலுக்குள்தான். காலை, மதியம், ராத்திரி என்று நகச்சாயத்தால் மூன்று கோடு போட்டு வைத்திருந்தார். நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் கிடந்து திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்குவார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் ஒருநாள், "வூட்ல சும்மா குந்திக்கினு இருக்காதம்மா, ரெண்டு செடியாவது வையி, மனசுக்கு நல்லா இருக்கும்" என்றார். அண்ணி பிடித்துக்கொண்டார். பட்டறையில் மிச்சமான குழாய்களும் வேறொரு வேலையில் மீந்த வலையும் என்னிடம் இருந்தன. வீட்டுக்காரரைக் கேட்டு மொட்டை மாடியில் ஒரு ஆள் நிற்கிற உயரத்துக்கு, இரண்டு கட்டில் அகலத்துக்குக் கூடாரம் கட்டினேன். நான் தனியாகக் கட்டிய முதல் கூடாரம் அது. நாலு பக்கமும் தரையோடு தரையாக வலையை இழுத்துக் கோணி ஊசியால் நெருக்கி நெருக்கித் தைத்தேன். கதவுக்கு ஒரு பழைய பேகிலிருந்து பிய்த்த ஜிப். "பாருங்க அண்ணி, கொசு கூட உள்ள வராது. வந்துச்சுன்னா என் பேர மாத்தி வச்சுக்கறேன்." அண்ணி விரலால் தையலைத் தடவிப் பார்த்து, "நல்லா தான்டா தச்சுக்கிற" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அபூர்வம். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

விதைக் கடைக்காரர் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு எளிதானதைத்தான் கொடுத்தார். அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயம், கொத்தமல்லி, தக்காளி, மிளகாய். தென்னை நார்த் தூளும் சாணி உரமும் மண்ணும் கலந்து அரிசிச் சாக்கிலும் பெயின்ட் டப்பாவிலும் நிரப்பினோம். கீரை நாலாம் நாள் தலையைத் தூக்கியது. அதைப் பார்க்க அண்ணி பதினாறு படி ஏறி, ஒவ்வொரு நாலு படிக்கும் நின்று மூச்சு வாங்கி வந்தார். ஒரு மாதத்துக்குள் பறிக்க ஆரம்பித்தோம். தக்காளியும் மிளகாயும் யாரும் கெஞ்சாமலே காய்த்தன. பக்கெட்டிலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றும்போது அண்ணி, "குடிங்கடி, நீங்களாவது வயிறு முட்டக் குடிங்க" என்பார். ஊற்றி முடித்து, பாட்டிலில் கோட்டைப் பார்த்து, ஒரு மடக்கு குடித்து மூடி வைப்பார்.

பிரச்சனை என்னவென்றால் அண்ணிக்குச் சாப்பிடக் கூடாதவை என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் முதல் வரி கீரை, இரண்டாம் வரி தக்காளி. ரத்தத்தில் ஏதோ உப்பு ஏறி இதயம் நின்றுவிடுமாம். நாங்கள் வைத்ததெல்லாம் அந்தக் காகிதத்தைப் பார்த்து வைத்தது போல இருந்தது. அரைக்கீரை எதிர்வீட்டுக்குப் போனது, தக்காளி சிஸ்டருக்குப் போனது, மிளகாய் பட்டறைக்குப் போனது. பக்கத்துப் படுக்கையில் மெஷினில் கிடந்த ஒரு அம்மாவின் மகளுக்குக் கொத்தமல்லி. திரும்பி வருகிற பஸ்ஸில் ஒருநாள் தூங்காமல் இருந்த அண்ணி சொன்னார். "எல்லாரும் நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்றாங்க. எனக்கு எப்பட்றா தெரியும்? என் கையால வச்சது ஒன்னே ஒன்னு நான் துன்னு பாக்கணும். அப்புறம் இன்னா ஆனாலும் ஆவட்டும்."

அதே காகிதத்தின் பின்பக்கம் சாப்பிடலாம் என்று எழுதியிருந்தவற்றில் பீர்க்கங்காய் இருந்தது. கத்தரியும் இருந்தது, ஆனால் ஏற்கெனவே உடம்பெல்லாம் அரித்துக்கொண்டிருந்தவருக்கு அதன் பேரைக் கேட்டாலே பயம். பீர்க்கன் விதை வாங்கி வந்தேன். இரண்டு சாக்கில் அண்ணியே ஊன்றினார். வலையின் உள்பக்கம் கயிறு கட்டி ஏற்றிவிட்டோம். கொடி கூரையைத் தொட்டு, அங்கிருந்து குறுக்கே ஓடியது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் மஞ்சள் பூ விரியும். சில பூக்களின் பின்னால் சுண்டு விரல் அளவுக்குப் பிஞ்சும் இருந்தது. அண்ணி பிஞ்சுகளை எண்ணினார். மூன்றாம் நாள் அவை மஞ்சளாகிச் சுருங்கி, தொட்டால் கையோடு வந்தன. அடுத்த வாரமும் அதேதான். உரம் போட்டோம், மோர் தெளித்தோம், சாக்கை இடம் மாற்றி வைத்தோம். பூ பூத்துக்கொண்டே இருந்தது, பிஞ்சு உதிர்ந்துகொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் வலையின் வெளிப்பக்கம் ஒரு தேனீ மேலும் கீழும் ஊர்ந்துகொண்டிருந்தது. அண்ணி கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து அதையே பார்த்தார்.

"பாவம்டா, வழி தெரியாம சுத்துது."

"டிக்கெட் இல்லாம உள்ள வுட மாட்டேன் அண்ணி."

அதே நாட்களில் கிழக்கு மூலையில் ஒரு அணில் வலையைக் கடித்து ஓட்டை போட்டது. நான் உடனே தைத்தேன். மறுபடி கடித்தது. மறுபடி, இந்த முறை நூலை இரட்டையாகக் கோத்து, தைத்தேன். "வுட்றா, அது ஒன்னு வந்துட்டுப் போனா இன்னா?" என்றார் அண்ணி. "ஒன்ன வுட்டா தெருவே வரும்" என்றேன். என் வேலையில் ஓட்டையா என்ற திமிர் எனக்கு.

பிஞ்சு உதிர உதிர அண்ணி மாடிக்கு வருவது குறைந்தது. ஒருநாள் மார்க்கெட்டில் நல்ல பிஞ்சுப் பீர்க்கங்காய் பார்த்தேன். என் புத்தி எங்கே போகும்? ஒன்று வாங்கி, கூடாரத்துக்குள் போய், இலை அடர்ந்த இடத்தில் கொடியோடு சேர்த்துக் காம்பைப் பச்சை நைலான் நூலால் கட்டினேன். ஒரு அடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே தெரியவில்லை. கீழே ஓடி, "அண்ணி, காய் வுட்ருக்குது! மேல வாங்க!" என்று கத்தினேன்.

"போடா, உனக்கு வேற வேல இல்ல."

"மாதா மேல சத்தியமா அண்ணி. வந்து பாருங்க, ஜல்தி!"

அன்று காலைதான் விழுப்புரம் போய் வந்திருந்தோம். உடம்பில் சத்தே இல்லை. ஆனாலும் ஏறினார். நாலு படிக்கு ஒரு தடவை நிற்கிறவர் அன்று இரண்டு படிக்கு ஒரு தடவை நின்றார். ஜிப்பைத் திறந்து உள்ளே வந்ததும் நான் கை காட்டிய இடத்தைப் பார்த்தார். காயைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. இரண்டு கையாலும் குழந்தையின் தலையைப் பிடிப்பது போல அதைப் பிடித்தார். விரல் மேலே போனது. காம்பில் நின்றது. முடிச்சைத் தடவியது.

பிறகு சிரித்தார். எனக்காகச் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது. "முடிச்சு நல்லா போட்டுக்கிற" என்று சொல்லிவிட்டுப் பக்கெட் மேல் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். கீழே இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி அடைமழை, நடுவில் ஒன்றிரண்டு சாயங்காலம் மட்டும் வெயில் அடித்தது. நெஞ்சில் நீர் கோத்து அண்ணிக்கு மூச்சுத் திணற, விழுப்புரத்திலேயே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் லாரியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். நான் துணி, கஞ்சி, மருந்துச் சீட்டு என்று இரண்டு ஊருக்கும் இடையில் ஓடினேன். மாடிப்பக்கம் யாரும் போகவில்லை. பதினோராவது நாள் மழை விட்ட சாயங்காலம், செடியெல்லாம் செத்திருக்கும், சாக்கையாவது கவிழ்த்து வைப்போம் என்று ஏறினேன்.

கீரை அழுகியிருந்தது. தக்காளி சாய்ந்து கிடந்தது. கிழக்கு மூலையில் அணில் தன் வேலையைத் திரும்பச் செய்திருந்தது. இந்தத் தடவை கேட்க ஆளில்லாததால் ஒரு முழ அளவுக்கு ஓட்டை. அதற்கு நேர் மேலே ஒரு சாண் நீளத்துக்குப் பீர்க்கங்காய் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? காம்பைத் தடவி முடிச்சைத் தேடினேன். என் கையே என்னை நம்பவில்லை. முடிச்சு இல்லை. காம்பு கொடியில் பிறந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே ஓட்டை வழியாக ஒரு தேனீ உள்ளே வந்தது. ஒரு பூவில் உட்கார்ந்தது, எழுந்து அடுத்த பூவுக்குப் போனது, காலில் ஒட்டிய மஞ்சள் தூளோடு, பிஞ்சு வைத்த பூவில் இறங்கியது. அப்போதுதான் புரிந்தது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் காற்று போதும், இதற்கு ஆள் வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் நடத்தினார்களாம். அன்றைக்கு நான் ஏரியில் இருந்திருப்பேன். இத்தனை நாள் அந்தப் பிஞ்சுகளைக் கொன்றது உரமும் இல்லை, சாக்கும் இல்லை. என் தையல்.

காயை வெட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்காரன் வெட்டுவது போலவே, காம்பில் இரண்டு விரல் விட்டு, சுத்தமாக வெட்டினேன். கொடியோடு, இலையோடு, வாடின பூவோடு அறுத்துப் போயிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. என் செல்போனில் படம் எடுக்கவும் வழியில்லை.

அண்ணி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். காயை அவர் மடியில் வைத்தேன். எடுத்தார். பிளாஸ்டர் ஒட்டிய கட்டைவிரலால் காம்பைச் சுற்றித் தடவினார்.

"இன்னாடா, இந்தத் தடவ கயிறு கட்ல?"

"அண்ணி, இது நம்ம கொடியில காச்சது. ஓட்டை வழியா தேனீ வந்துச்சு. நான் பாத்தேன்."

"தேனீ வந்து உன்னாண்ட டிக்கெட் எடுத்துச்சா?"

அண்ணனுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கடா வாங்கின, மார்க்கெட்டுலயா?" என்றார்.

"சத்தியமா அண்ணி. மாதா மேல..."

"டேய், வேணாம்." கையைத் தூக்கித் தடுத்தார். மூச்சு வாங்கியது. "மாதா பாவம்டா. எத்தினி தடவதான் பொய்க்கு வந்து நிப்பா?" பிறகு என் முகத்தைப் பார்த்து, என்ன நினைத்தாரோ, "சரி வுடு. நாளைக்கு உப்பு கம்மியா பொரியல் பண்ணி எடுத்துக்கினு வா. கடைக் காய்னா இன்னா, துன்றேன்" என்றார்.

மறுநாள் மதியம் டப்பாவில் எடுத்துப் போனேன். அண்ணன் அவரை முதுகில் கை கொடுத்து நிமிர்த்திப் பிடித்தார். நான் ஊட்டினேன். மூன்று வாய். மூன்றாவதை ரொம்ப நேரம் மென்றார். சாப்பிட்டு முடித்து, தன் பாட்டிலில் கோட்டைப் பார்த்து ஒரு மடக்கு குடித்தார்.

"நல்லாதான் இருக்குது. ஆனா கடைக் காய் கடைக் காய்தான்டா. நம்முளுது காய்க்கட்டும், அப்ப பாரு ருசிய."

நான் வாயைத் திறந்தேன். இன்னொரு தடவை சொன்னால் அதுவும் கிண்டலாகத்தான் அவர் காதில் விழும். டப்பாவை மூடினேன். என் வாழ்க்கையில் பேசாமல் இருந்ததற்காக நான் வருத்தப்படுவது அந்த ஒரு தடவைக்குத்தான்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் அண்ணி போய்விட்டார். திண்டிவனத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்ணில் அடக்கம் செய்தோம். கொடி மட்டும் காய்ப்பதை நிறுத்தவில்லை. திறந்து கிடந்த ஓட்டை வழியாகத் தேனீக்கள் வந்து போக, காய் காயாகத் தொங்கியது. துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் பறித்துச் சமைத்தார்கள். எல்லாரும் நல்லா இருக்குது என்றார்கள். அண்ணன் இலையில் வைத்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் பிசைந்தார். நானும் அன்றிலிருந்து பீர்க்கங்காய் சாப்பிட்டதில்லை. எங்கள் கொடிக் காயின் ருசி எப்படி என்று இன்னும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவருக்கே தெரியாமல் போனது எனக்கு எதற்கு?

போன மாதம் அந்த விழுப்புரத்து வீட்டம்மா மூலையிலிருந்த வாசலைப் பார்த்து முடித்து, பாகல் கொடியைப் பார்த்தார்.

"இத்தினி நாளா வெறும் பூவாதான் பூக்குது. நெஜமா காய்க்குமா தம்பி?"

"காய்க்கும்மா."

"சத்தியமா?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். "நான் சத்தியம் பண்றதில்லம்மா. மொதக் காய் வந்தா உடனே அறுத்துடாதீங்க. யாரு பாக்கணுமோ அவங்கள மேல கூட்டிக்கினு வந்து, கொடியிலயே வச்சுக் காட்டுங்க. அப்புறம் அறுங்க."

அவர் இதற்கும் சிரித்தார். காப்பி போடுவதாகச் சொல்லிவிட்டுக் கீழே போனார். ஊசியைப் பையில் செருகிக்கொண்டேன். வலையின் வெளிப்பக்கம் ஒரு தேனீ மேலும் கீழும் ஊர்ந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து காப்பி ஆறுகிறது என்று குரல் வந்தது. தேனீ மூலைக்கு வந்து, வாசலைக் கண்டு, உள்ளே போகும்வரை நான் இறங்கவில்லை.